“சாப்பிடவே மாட்டேங்கறான் டாக்டர்!”

“காலையிலேர்ந்து ஒரு வாய் உள்ளே போகலை டாக்டர். தட்டைப் பார்த்தாலே ஓடறான். நல்லா பசி எடுக்கிற மாதிரி ஏதாவது டானிக் எழுதிக் கொடுங்களேன்!”

சொல்லிக்கொண்டே எதிரில் உட்கார்ந்தார் அந்தத் தாய். மடியில் இருந்த பையனுக்கு ஒரு வருடம் எட்டு மாதம். அவன் கையில் பாதி கடித்த பிஸ்கட். தோளில் தொங்கிய பையிலிருந்து பால் பாட்டில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. கூடவே வந்த பாட்டி, “எங்க காலத்துல மூக்கைப் பிடிச்சு ஊத்திடுவோம். இந்தக் காலத்துப் பொண்ணுங்களுக்குப் பொறுமை ஏது?” என்று தன் பங்குக்குச் சொல்லி வைத்தார்.

எடை பார்த்தேன். 10 கிலோ 400 கிராம். அந்த வயதுக்கு மோசமில்லை. சாப்பிடவே இல்லையென்றால் இந்த எடை எங்கிருந்து வந்தது? “நேத்து காலையிலேர்ந்து ராத்திரி வரைக்கும் வாய்க்குள்ள என்னென்ன போச்சு? ஒண்ணு விடாம சொல்லுங்க” என்றேன். தாய் யோசித்துச் சொல்லச் சொல்ல, பாட்டி விட்டுப்போனதை எடுத்துக் கொடுத்தார்.

எழுந்ததும் ஒரு பாட்டில் பால். பதினோரு மணிக்கு, ‘ஒண்ணுமே சாப்பிடலையே’ என்று ஒரு பாட்டில். மதியம் சோற்றைத் துப்பிவிட்டான், அதனால் ஒரு பாட்டில். ராத்திரி தூங்கும்போது வாயில் ஒரு பாட்டில். ஒவ்வொன்றும் 200 மில்லி, அதில் இரண்டு ஸ்பூன் சர்க்கரை. நடுநடுவே ஆறு பிஸ்கட்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 800 மில்லி பசும்பாலில் சுமார் 530 கலோரி. எட்டு ஸ்பூன் சர்க்கரையில் 160. பிஸ்கட் ஆறில் ஏறக்குறைய 150. ஆக மொத்தம் 840. ஒன்று முதல் மூன்று வயதுவரை ஒரு குழந்தைக்கு ஒரு நாளைக்குத் தேவை சுமார் 1,000 முதல் 1,100 கலோரிதான்! மிச்சம் இருக்கும் இடத்தில் பையன் எத்தனை இட்லி சாப்பிடுவான் என்று எதிர்பார்க்கிறீர்கள்? அவன் பட்டினி கிடக்கவில்லை. வயிறு நிரம்பியிருக்கிறான்.

ஆனால் அவன் கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்த்தபோது எனக்குத் திருப்தியாக இல்லை. வெளுத்திருந்தது. ரத்தம் பரிசோதித்ததில் ஹீமோகுளோபின் 8.6. எடை சரியாக இருக்கிற பிள்ளைக்கு ரத்தசோகை! இதைத்தான் பல வீடுகளில் கவனிக்காமல் விட்டுவிடுகிறோம். 2019-21-ல் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், ஆறு மாதம் முதல் ஐந்து வயதுவரை உள்ள இந்தியக் குழந்தைகளில் 67 சதவிகிதத்தினருக்கு ரத்தசோகை இருந்தது. தமிழ்நாட்டில் 57 சதவிகிதம். இவர்கள் எல்லோரும் சோற்றுக்கு வழியில்லாத வீட்டுப் பிள்ளைகள் என்று நினைத்துவிடாதீர்கள்.

பசி ஏன் குறைகிறது?

பிறக்கும்போது மூன்று கிலோ இருக்கும் குழந்தை, முதல் பிறந்தநாளுக்குள் ஒன்பது கிலோவைத் தொடுகிறது. ஒரே வருடத்தில் மூன்று மடங்கு! இதே வேகத்தில் போனால் இரண்டாவது பிறந்தநாளுக்கு 27 கிலோ இருக்க வேண்டும். நல்லவேளையாக இயற்கை பிரேக் போடுகிறது. இரண்டாவது வருடம் முழுவதும் சேர்த்து ஏறுவது இரண்டு, இரண்டரை கிலோதான். வளர்ச்சியின் வேகம் குறைந்தால் பசியும் குறையும். இது நோய் அல்ல.

பத்து மாதத்தில் ‘ஆ’ காட்டி எல்லாவற்றையும் வாங்கிக்கொண்ட பிள்ளை, ஒன்றரை வயதில் முகத்தைத் திருப்பிக்கொண்டால் அம்மாவுக்குப் பகீரென்கிறது. போதாக்குறைக்கு அந்த வயதில்தான் நடக்கக் கற்றுக்கொண்டிருக்கிறது. ஓட வேண்டும், கதவைத் திறக்க வேண்டும், பாத்திரத்தைத் தட்ட வேண்டும். இத்தனை வேலைகளுக்கு நடுவே உட்கார்ந்து சாப்பிட அதற்கு ஏது நேரம்?

இன்னொன்று, வயிற்றின் அளவு. குழந்தையின் எடையில் கிலோவுக்கு சுமார் 30 மில்லி என்று வைத்துக்கொள்ளலாம். பத்து கிலோ பிள்ளைக்கு 300 மில்லி. அதில் ஒரு பாட்டில் பால் போனால் மூன்றில் இரண்டு பங்கு காலி! அடுத்த ஒரு மணி நேரத்தில் நீங்கள் பிசைந்து எடுத்து வரும் பருப்பு சாதத்துக்கு மரியாதை இருக்காது.

பால் நல்லதுதானே?

நல்லதுதான், அளவோடு. புரதம் இருக்கிறது, கால்சியம் இருக்கிறது. இரும்புச் சத்து மட்டும் கிட்டத்தட்ட இல்லை. ஒரு லிட்டர் பசும்பாலில் ஒரு மில்லிகிராம்கூடத் தேறாது. இந்த வயதுக் குழந்தைக்கு ஒரு நாளைக்கு எட்டு மில்லிகிராம் வேண்டும். அதுமட்டுமா? பாலில் உள்ள கால்சியம், மற்ற உணவிலிருந்து வருகிற இரும்பையும் உடம்பில் சரியாகச் சேரவிடாமல் தடுக்கிறது. இரும்பு குறைந்தால் பசி மந்தமாகும். பசி மந்தமானால் சோறு இறங்காது. சோறு இறங்கவில்லையென்றால் அம்மா இன்னொரு பாட்டில் பால் கலக்குவார். இந்தச் சுற்றிலிருந்து பிள்ளை தானாக வெளியே வரமுடியாது. மூளை வேகமாக வளர்கிற வயதில் இரும்பு குறைந்தால் கவனம், கற்கும் திறன் எல்லாமே பாதிக்கப்படும் என்பதால் ‘வளர்ந்தா சரியாயிடும்’ என்று விட்டுவிடக் கூடாது.

ஒரு வயதுக்கு மேல் ஒரு நாளைக்கு 400, மிஞ்சிப்போனால் 500 மில்லி பால் போதும். தயிர், மோரையும் இந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். தாய்ப்பால் இன்னும் கொடுக்கிறீர்களா? பேஷாகக் கொடுங்கள், இரண்டு வயதுவரையும் அதற்கு மேலும் கொடுக்கலாம். அப்போது மாட்டுப் பால் இதைவிடக் குறைவாகவே போதும். பாட்டில் வேண்டாம், டம்ளர்தான். ராத்திரி வாயில் பாட்டிலோடு தூங்கும் பிள்ளைகளுக்கு முன்பற்கள் கறுத்து, சொத்தையாகி, மூன்று வயதில் பல் டாக்டரிடம் போக வேண்டிவரும். டீ, காபியைக் கண்ணிலேயே காட்டாதீர்கள். அவையும் இரும்பைத் தடுப்பவை.

யார் வேலை எது?

எல்லின் சாட்டர் என்ற அமெரிக்க உணவியல் நிபுணர் 1980-களிலேயே ஒரு சுலபமான பாகப்பிரிவினை செய்து கொடுத்தார். என்ன உணவு, எத்தனை மணிக்கு, எந்த இடத்தில்: இது பெற்றோர் பொறுப்பு. சாப்பிடுவதா வேண்டாமா, எவ்வளவு: இது குழந்தையின் பொறுப்பு. நம் வீடுகளில் என்ன நடக்கிறது? அப்படியே தலைகீழ்! ‘என்ன வேணும் கண்ணு, பூரியா, நூடுல்ஸா?’ என்று பிள்ளையைக் கேட்கிறோம். அது கேட்ட நேரத்தில் கொடுக்கிறோம். ஆனால் ‘இன்னும் நாலு வாய் சாப்பிட்டே ஆகணும்’ என்று அளவை மட்டும் நாம் முடிவு செய்கிறோம்.

‘குழந்தைக்கு அளவு தெரியுமா?’ என்று நீங்கள் கேட்கலாம். இதற்கு அமெரிக்காவில் ஒரு பெண் டாக்டர் பதில் தேடியிருக்கிறார். பெயர் கிளாரா டேவிஸ். 1920-களிலும் 30-களிலும் தாய்ப்பால் மறந்த குழந்தைகள் பதினைந்து பேரை வைத்துப் பார்த்தார். முப்பதுக்கும் மேற்பட்ட உணவுகளிலிருந்து ஒவ்வொரு வேளையும் சிலவற்றைக் கிண்ணங்களில் வைப்பார்கள். நர்ஸ் ஸ்பூனோடு பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். குழந்தை கை நீட்டினால் மட்டும் ஊட்ட வேண்டும். ‘இதைச் சாப்பிடு’ என்று சொல்லக் கூடாது, முகத்தைக்கூடச் சுளிக்கக் கூடாது. ஒரு வேளை வெறும் பழம், இன்னொரு வேளை வெறும் முட்டை என்று அந்தக் குழந்தைகள் கன்னாபின்னாவென்று சாப்பிட்டன. ஆனால் மாதக்கணக்கில் பார்த்தபோது எல்லோரும் நன்றாக வளர்ந்திருந்தார்கள். ரிக்கெட்ஸ் நோயோடு வந்த ஒரு குழந்தை, பக்கத்தில் வைத்த மீன் எண்ணெயைத் தானாகவே குடித்து, நோய் தீரும்வரை குடித்து, பிறகு நிறுத்திக்கொண்டதாம்!

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. அந்தக் கிண்ணங்களில் சர்க்கரை கிடையாது, பிஸ்கட் கிடையாது, மிட்டாய் கிடையாது. எதை எடுத்தாலும் நல்ல உணவு. கிளாரா டேவிஸே இதை மறைக்காமல் சொன்னார். உங்கள் வீட்டில் பிஸ்கட் டப்பாவைப் பிள்ளையின் கைக்கு எட்டும் இடத்தில் வைத்துவிட்டு, ‘அவனே தேர்ந்தெடுக்கட்டும்’ என்றால் அது நடக்காது.

ஒரு நாள் எப்படி இருக்கலாம்?

ஒன்றரை வயதிலிருந்து மூன்று வயதுவரை உள்ள பிள்ளைக்கு, இரண்டரை அல்லது மூன்று மணி நேர இடைவெளியில் மூன்று வேளை சாப்பாடு, இரண்டு வேளை சிறுதீனி. நடுவே தண்ணீர் மட்டும். இந்த இடைவெளிதான் முக்கியமான மருந்து. எந்தக் கடையிலும் இதைவிட நல்ல டானிக் கிடைக்காது.

காலை ஏழு மணிக்கு ஒரு சின்ன டம்ளர் பால், 150 மில்லி, சர்க்கரை இல்லாமல். எட்டரை மணிக்கு ஒன்று அல்லது ஒன்றரை இட்லி, நெய் தடவி, கெட்டியான சாம்பாரோடு. அல்லது கேழ்வரகு தோசை. அல்லது ஒரு முட்டை. பதினோரு மணிக்குப் பழம்: பப்பாளி, கொட்டை எடுத்த சப்போட்டா, விதை நீக்கிய பழுத்த கொய்யா, வாழைப்பழம், எது மலிவாகக் கிடைக்கிறதோ அது. மதியம் பருப்பு சாதத்தில் முருங்கைக்கீரையோ சிறுகீரையோ மசித்துப் போட்டு, ஒரு ஸ்பூன் நெய் விட்டு, முக்கால் கிண்ணம். அசைவம் சாப்பிடுகிறவர்கள் முள் எடுத்த மீனோ, ஈரலோ, நன்றாக வெந்த கோழிக்கறியைப் பிய்த்தோ சேர்க்கலாம். அசைவத்தில் உள்ள இரும்பு சுலபமாக உடம்பில் சேரும். கீரை, பருப்பில் உள்ளது அவ்வளவு சுலபமாகச் சேராது. அதனால் கூடவே நாலு சொட்டு எலுமிச்சைச் சாறு, தக்காளி, கொய்யா, நெல்லிக்காய் என்று வைட்டமின் ‘சி’ உள்ள ஏதாவது ஒன்று இருந்தால் நல்லது.

தூங்கி எழுந்ததும் நாலு மணிக்கு மசித்த சுண்டல், சர்க்கரைவள்ளிக் கிழங்கு, கொழுக்கட்டை, அல்லது அங்கன்வாடியில் கொடுக்கிற சத்துமாவு. அதோடு இன்னொரு டம்ளர் பால். ராத்திரி ஏழரைக்கு, பெரியவர்களோடு உட்காரவைத்து, தோசையோ சாதமோ சப்பாத்தியோ, வீட்டில் என்ன இருக்கிறதோ அதையே காரம் குறைத்து. குழந்தைக்கென்று தனிச் சமையல் வேண்டியதில்லை. வேலைக்குப் போகும் அம்மாவுக்கு அது முடியவும் முடியாது.

இதையெல்லாம் தட்டு நிறைய வைக்காதீர்கள். ஒவ்வொரு பதார்த்தமும் ஒரு வயதுக்கு ஒரு டேபிள்ஸ்பூன். இரண்டு வயதுப் பிள்ளைக்கு இரண்டு டேபிள்ஸ்பூன் சாதம், இரண்டு டேபிள்ஸ்பூன் காய். முடித்துவிட்டு மறுபடி கேட்டால் போடுங்கள். கேட்கும்போது அதன் முகத்தில் தெரிகிற வெற்றியைப் பாருங்கள்!

இங்கே ஒரு விஷயம். ‘பருப்புத் தண்ணி கொடுக்கிறேன் டாக்டர்’ என்று நிறையப் பேர் பெருமையாகச் சொல்கிறார்கள். பருப்புத் தண்ணீரில் இருப்பது பெரும்பாலும் தண்ணீர்தான்! அடியில் தங்கிய பருப்பு அப்பாவின் சாம்பாருக்குப் போய்விடுகிறது. ரசம் சாதமும் அப்படித்தான். நீர்க்க நீர்க்கக் கரைத்துக் கொடுத்தால் வயிறு நிரம்பும், சத்து இருக்காது. ஸ்பூனைச் சாய்த்தால் வழியாத பதத்தில் இருக்க வேண்டும்.

அடம் பிடிக்கும்போது...

சில பிள்ளைகள் வாங்கிய சோற்றை விழுங்காமல் அரை மணி நேரம் கன்னத்தில் அதக்கி வைத்துக்கொள்ளும். விசாரித்துப் பார்த்தால் அநேகமாக இரண்டு காரணம். ஒன்று, வயிறு நிரம்பிய பிறகும் ஊட்டுகிறார்கள். மற்றது மிக்ஸி! ஒன்றரை வயதுவரை எல்லாவற்றையும் மிக்ஸியில் அடித்துக் கொடுத்துப் பழக்கியிருப்பார்கள். மெல்லக் கற்றுக்கொள்ள வேண்டிய வயது ஒன்பது, பத்து மாதம். அப்போதே கையால் மசித்த, கொஞ்சம் கொரகொரப்பான உணவுக்கு மாறவில்லையென்றால் பிற்பாடு சிரமப்படும். இப்போதும் ஒன்றும் குடிமுழுகிவிடவில்லை. மிக்ஸியை விட்டுவிட்டு, கையால் குழைய மசித்து, பத்து நாளுக்கொரு தரம் மசிப்பதைக் குறைத்துக்கொண்டே வாருங்கள்.

புது உணவைக் கண்டால் ஓடுவதும் இந்த வயதின் குணம். ஒருநாள் பீட்ரூட் வைத்தோம், துப்பிவிட்டது, ‘எங்க பிள்ளைக்குப் பீட்ரூட் பிடிக்காது’ என்று தீர்ப்பு எழுதிவிடுகிறோம். எட்டுப் பத்து தடவை, சில பிள்ளைகளுக்குப் பதினைந்து தடவைகூட, அந்தப் பொருள் தட்டில் வந்து போக வேண்டும். ஒரே ஒரு சின்னத் துண்டு, ஏற்கெனவே பிடித்த உணவுக்குப் பக்கத்தில். தொட்டுப் பார்த்தாலும் சரி, முகர்ந்துவிட்டு வைத்தாலும் சரி, ஒன்றும் சொல்லாதீர்கள். நீங்கள் அதையே ருசித்துச் சாப்பிடுங்கள். அப்பா கத்தரிக்காயை ஓரமாக ஒதுக்கும் வீட்டில் பிள்ளை அதைச் சாப்பிட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை.

‘கீரை சாப்பிட்டா சாக்லேட் தருவேன்’ என்ற பேரம் வேண்டவே வேண்டாம். கீரை ஒரு தண்டனை, சாக்லேட்தான் பரிசு என்று அந்தச் சின்ன மூளை உடனே புரிந்துகொள்ளும். இப்படி லஞ்சம் கொடுத்துச் சாப்பிடவைத்த உணவின்மேல் குழந்தைகளுக்கு விருப்பம் குறைகிறது என்று லியான் பர்ச் என்ற அமெரிக்க உளவியல் அறிஞரும் ஆராய்ந்து சொல்லியிருக்கிறார்.

செல்போன்? இன்று எந்த ஹோட்டலுக்குப் போனாலும் பிள்ளையின் முன்னால் ஒரு போன் சாய்த்து வைக்கப்பட்டிருக்கிறது. கண் படத்தில், வாய் மட்டும் தானாகத் திறக்கிறது. சோறு இறங்குகிறது, நிஜம்தான். ஆனால் ‘போதும்’ என்று வயிறு சொல்வது பிள்ளைக்குக் கேட்பதில்லை. பசியும் தெரியாது, ருசியும் தெரியாது. இரண்டு வயதுக்குள் திரையே வேண்டாம் என்கிறது இந்தியக் குழந்தைநல மருத்துவர்கள் சங்கம். நிலாவைக் காட்டிச் சோறு ஊட்டிய பாட்டிமார்களை நான் குறை சொல்ல மாட்டேன். நிலா பத்து செகண்டுக்கு ஒரு தரம் படம் மாற்றாது. பாட்டியும் வாய் ஓயாமல் பேச்சுக் கொடுத்துக்கொண்டிருப்பாள்!

தட்டைத் தள்ளிவிடுவது, சோற்றை வீசுவது எல்லாம் அநேகமாக ‘எனக்குப் போதும்’ என்பதன் மொழிபெயர்ப்புதான். இருபது நிமிடம், அதிகபட்சம் முப்பது நிமிடம். அதற்குமேல் தட்டை எடுத்துவிடுங்கள். திட்டவும் வேண்டாம், கெஞ்சவும் வேண்டாம். அடுத்த வேளை வரைக்கும் தண்ணீர். இங்கேதான் பல அம்மாக்களுக்கு மனசு கேட்காது, அரை மணியில் பிஸ்கட்டை நீட்டிவிடுவார்கள். அன்றைய பாடமே வீணாகிவிடும். வீட்டில் உள்ள எல்லோரும் ஒத்துழைக்க வேண்டும், முக்கியமாகத் தாத்தா.

ஆனால் ‘பசிச்சா தானா வருவான்’ என்று கண்டுகொள்ளாமல் விடுவதும் தவறு. பக்கத்தில் உட்கார வேண்டும், முகத்தைப் பார்த்துப் பேச வேண்டும், தானே கையால் எடுத்துச் சாப்பிட விட வேண்டும், இடையிடையே நீங்களும் ஒரு வாய் ஊட்டலாம். எடை குறைந்த பிள்ளைக்கும், காய்ச்சலில் விழுந்து எழுந்த பிள்ளைக்கும் இந்த ஊக்கம் கட்டாயம் தேவை.

இப்போது பாட்டியின் மூக்குப்பிடி வைத்தியத்துக்கு வருகிறேன். பாட்டிமார்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. அழுகிற பிள்ளை மூச்சை இழுக்கும் நேரத்தில் வாயில் இருக்கும் கஞ்சி நுரையீரலுக்குள் போகலாம். நிமோனியா வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். படுக்கவைத்து ஊட்டுவதும், ஓடுகிற பிள்ளையின் பின்னால் ஓடி வாயில் திணிப்பதும் இதே ஆபத்துதான். முழு வேர்க்கடலை, முழுத் திராட்சை, கடினமான முறுக்கு, பாப்கார்ன், மிட்டாய் இவற்றை நான்கு வயதுக்குள் கொடுக்காதீர்கள். தொண்டையில் அடைத்துக்கொண்டால் சில நிமிடங்கள்தான் அவகாசம். கடலையைப் பொடித்துச் சேர்க்கலாம், திராட்சையை நீளவாக்கில் நாலாக நறுக்கலாம்.

எப்போது டாக்டரிடம் வர வேண்டும்?

‘பக்கத்து வீட்டுப் பிள்ளை கொழுகொழுன்னு இருக்கே’ என்பதற்காக வர வேண்டாம். வளர்ச்சி அட்டையைப் பாருங்கள். புள்ளிகள் தம் பாதையில் மேலே போய்க்கொண்டிருந்தால், பிள்ளை ஓடி விளையாடினால், ஒரு வேளை சாப்பிடாததால் ஒன்றும் ஆகிவிடாது. மூன்று மாதமாக எடை ஏறவில்லை, குறைகிறது, உள்ளங்கை வெளுத்திருக்கிறது, மண்ணையோ சுவர்ச் சுண்ணாம்பையோ சாம்பலையோ தின்கிறது, விழுங்கும்போது புரையேறுகிறது, அடிக்கடி வாந்தி அல்லது பேதி, ஒன்றரை வயதுக்கு மேலும் திரவ உணவைத் தவிர எதுவும் ஏற்கவில்லை, நாலைந்து பொருட்களைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் அலறுகிறது என்றால் தாமதிக்காமல் வாருங்கள்.

பசி டானிக் கேட்டு மருந்துக் கடைக்குப் போகாதீர்கள். அவற்றில் பலவற்றில் இருக்கும் சைப்ரோஹெப்டடைன் உண்மையில் ஓர் அலர்ஜி மருந்து. தூக்கத்தைக் கொடுக்கும். இரண்டு வயதுக்குள் கொடுக்கவே கூடாது. பாலில் கலக்கும் சத்து பவுடர்களில் பலவற்றில் சர்க்கரைதான் கணிசம். டப்பாவைத் திருப்பிப் படித்துப் பாருங்கள்.

அந்தப் பையனுக்கு நான் எழுதிக் கொடுத்தது இரும்புச் சத்து சிரப் மட்டும்தான். பிஸ்கட் டப்பாவைப் பரணில் ஏற்றச் சொன்னேன். முதல் மூன்று நாள் ராத்திரி பாட்டில் கேட்டு அழுது ஊரைக் கூட்டினானாம். நாலாவது நாள் டம்ளரில் குடித்தான். பத்தாவது நாள் அம்மாவின் தட்டிலிருந்து தானாகவே இட்லியைப் பிய்த்து எடுத்தானாம். மூன்று மாதத்தில் ஹீமோகுளோபின் 11.2. எடை என்னவோ 300 கிராம்தான் ஏறியிருந்தது, பாட்டிக்கு அதில் கொஞ்சம் குறைதான்.

இரும்பு சிரப் கொடுக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: பாலோடு சேர்த்துக் கொடுக்காதீர்கள், இரண்டு மணி நேரம் இடைவெளி விடுங்கள். எலுமிச்சைச் சாறோடு கொடுத்தால் நல்லது. மலம் கறுப்பாகப் போகும், பயந்து நிறுத்திவிட வேண்டாம். ஹீமோகுளோபின் சரியான பிறகும் டாக்டர் சொல்லும் வரை, அநேகமாக இன்னும் இரண்டு மூன்று மாதம், தொடர்ந்து கொடுக்க வேண்டும். பாட்டிலைப் பிள்ளையின் கைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். இனிப்பாக இருக்கிறதே என்று மொத்தமாகக் குடித்துவிட்டால் அது விஷம்.